உங்களுக்குத் தெரியுமா? – நானூறு குதிரைகள், நாலு லாடங்கள்

டொரன்டோவில் நவம்பர் கடைசி வாரம் டயர் கடை வாசல்களில் வரிசை நிற்கும். அந்த வரிசையில் எட்டு சிலிண்டர் கார் ஒன்றாவது உறுமிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் முகத்தில் உறுமலைக் காணோம். கோடையில் ஆசையாக வாங்கியிருப்பார். "பின்சக்கரம் தள்ளும் கார் பனியில் ஆகவே ஆகாது" என்று பாதிப் பேரும், "ஓட்டத் தெரிந்தவனுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று மீதிப் பேரும் சொல்லி அவரைக் குழப்பியிருப்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சொல்லாமல் விடுகிற சங்கதிகள் இங்கே, கலந்துகட்டி.

● ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். கார் எவ்வளவு பெரிதானாலும் உலகத்தோடு அதற்கு இருக்கும் ஒட்டுறவு அந்த நாலு உள்ளங்கைகள்தான்.

இப்போது ஒரு கணக்கு. 1,700 கிலோ எடையுள்ள, முன்னால் எஞ்ஜின் வைத்த 400 குதிரைத்திறன் கார். பின்சக்கரங்களின் மேல் விழும் பாரம் 800 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.8 அளவுக்கு இருக்கும். இறுகிய பனியில் அது 0.2, 0.3 என்று இறங்கிவிடும். பனிக்கட்டியில் 0.1, சில நாள் அதுவும் இல்லை. ஆக, பனிக்கட்டியின் மேல் அந்தப் பின்சக்கரங்கள் தள்ளக்கூடிய விசை 80 கிலோ அளவுக்குத்தான். முதல் கியரில் எஞ்ஜின் கொடுக்கத் தயாராக இருப்பதோ ஒன்றரை டன்னுக்கும் மேல்.

மிச்சமெல்லாம் சக்கரத்தைச் சுழற்றி, பனியை உருக்கி, மறுபடி உறையவைத்து, கண்ணாடி போல் மெருகேற்றத்தான் பயன்படும். நாம் புறப்பட வேண்டிய இடத்தை நாமே வழுக்குப் பாறையாக்கிவிட்டு அடுத்த வீட்டுக்காரரைத் தள்ளக் கூப்பிடுவோம்.

● ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, ஆட்டோமேட்டிக் கார் தானாக ஊரும் அந்தச் சிறு விசையே ஈரப் பனிக்கட்டியில் பின்சக்கரத்தைச் சுழற்றிவிடப் போதும். பனியில் 400 குதிரையும் 150 குதிரையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுமே தேவைக்கு மேல். வித்தியாசம், கால் கட்டைவிரல் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் என்ன ஆகிறது என்பதில்.

● பின்சக்கர இழுவை ஏன் ஓட்டக் கார்களின் சொத்து? வேகமெடுக்கும்போது பாரம் பின்னால் சாயும். பின்சக்கரங்கள் தரையை இன்னும் அழுத்திப் பிடிக்கும். தடதடவென்று புறப்படும் கார் மூக்கைத் தூக்குவது அதனால்தான். பனியில் வேகமே எடுக்க முடியாது, அதனால் பாரமும் சாயாது. காரின் மிகப் பெரிய பலம் டிசம்பரில் விடுப்பில் போய்விடுகிறது.

முன்சக்கரம் இழுக்கும் சாதாரணக் காரில் எஞ்ஜின், கியர்ப்பெட்டி எல்லாம் இழுக்கும் சக்கரங்களின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். மொத்த எடையில் 60 சதவீதம் அங்கேதான். ஆனால் ஏற்றத்தில் கதை மாறும். பாரம் பின்னால் சரிவதால் இழுக்கும் சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். பனி மேட்டில் ஏற முடியாத முன்சக்கரக் காரைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம்மூர் அம்பாசடரும் பின்சக்கரம் தள்ளும் கார்தான். அதில் ஓட்டக் கற்றுக்கொண்ட நான், டொரன்டோவில் முதல் பனி விழுந்த காலை வரை எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்று யோசித்ததே இல்லை. அன்று வீட்டு வாசல் சரிவில் கார் பக்கவாட்டில் நகர்ந்து, சாவகாசமாக, எதிர்வீட்டுத் தபால்பெட்டியிடம் போய் நின்றது. வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த நிதானம்தான் இன்றும் உறுத்துகிறது.

● எஞ்ஜினையும் பின்னாலேயே வைத்துவிட்டால்? ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அப்படித்தான். 1960-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அதன் விளம்பரம் ஒன்று இன்றும் விளம்பர வகுப்புகளில் காட்டப்படுகிறது. இருட்டோடு ஒருவர் கனத்த பனியில் பீட்டிலை ஓட்டிப் போய் ஒரு கொட்டகையில் நிறுத்துகிறார். அங்கிருந்து பனி தள்ளும் ராட்சத வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். சாலையைச் சுத்தம் செய்பவர் சுத்தம் செய்யாத சாலையில் வேலைக்கு வருவது எப்படி என்பதுதான் கேள்வி. மொத்தம் ஒரே நிமிடம்.

● பீட்டிலின் பங்காளி போர்ஷே 911. அதிலும் எஞ்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். சுவீடன்காரர் பியோர்ன் வால்டெகோர்ட் இந்தக் காரை வைத்துக்கொண்டு 1968, 1969, 1970 என்று மூன்று வருடம் தொடர்ந்து சுவீடன் ராலியை வென்றார். உறைந்த காடு, பனிச்சுவர், நடுக்கும் குளிர். இதோடு 1969, 1970 மாண்டி கார்லோ ராலிகளும் அவருக்கே. 'பின்சக்கரம் பனிக்கு ஆகாது' என்று யாராவது அடித்துப் பேசினால் நான் முதலில் எடுத்துவிடும் பெயர் இதுதான். வால்டெகோர்ட்போல் ஓட்ட எத்தனை பேரால் முடியும் என்று எதிராளி கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன்.

ராலிகளில் பின்சக்கரத்தின் இந்த ஆட்சிக்கு முடிவு கட்டியது ஒரு ராணுவ ஜீப். 1976–77 குளிர்காலத்தில் பின்லாந்துப் பனியில் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற ராணுவ வண்டி, வெறும் 75 குதிரைத்திறன், அதைவிட மிடுக்கான அவுடி கார்களைச் சர்வசாதாரணமாக முந்தியது. நாலு சக்கரமும் இழுத்ததுதான் ரகசியம். அதைப் பார்த்த பொறியாளர் யோர்க் பென்சிங்கர், 'இதையே ஒரு சாலைக் காரில் வைத்தால்?' என்று கேட்டதன் விளைவு, 1980 ஜெனீவா கண்காட்சியில் வந்த அவுடி குவாட்ரோ. அடுத்த பிப்ரவரியில் ஹன்னு மிக்கோலா அதே சுவீடன் ராலியை குவாட்ரோவில் வென்றார்.

ஆனாலும் பின்சக்கரக் கட்சி உடனே சரணடையவில்லை. 1983-இல் வால்டர் ரோல், பின்சக்கரம் மட்டும் தள்ளும் லான்சியா 037-இல் குவாட்ரோக்களைப் பின்னுக்குத் தள்ளி மாண்டி கார்லோ ராலியை வென்றார். அந்த வருடம் தயாரிப்பாளர் பட்டமும் லான்சியாவுக்கு. பின்சக்கரக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி.

● இனி லாடம். கோடை டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதுமே விறைக்கத் தொடங்கும். பனி விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. சக்தி வாய்ந்த கார்கள் பல, கடையிலிருந்து வரும்போதே கோடை டயரோடுதான் வருகின்றன. கடுங்குளிரில் அவற்றை உருட்டினாலே ரப்பரில் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நம் கதாநாயகர்களில் பாதிப் பேரைக் கவிழ்ப்பது பின்சக்கரம் அல்ல, இந்த டயர்தான்.

● குளிர்கால டயர் பனியைப் பிடிப்பது ரப்பரால் மட்டும் என்று நினைத்தால் பாதிதான் சரி. பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். குழந்தைகள் பனிப்பந்து உருட்டும்போது பார்க்கலாம். டயரின் ஆழமான பள்ளங்கள் பனியை அள்ளி இறுக்கி வைத்துக்கொள்கின்றன. அந்தப் பனி கீழே இருக்கும் பனியைப் பற்றுகிறது. பள்ளத்தில் பனி அடைத்திருப்பதைப் பார்த்துக் குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்த ஒருவரை நான் அறிவேன். (தபால்பெட்டியிடம் போய் நின்றவர்தான்.)

டயரின் ரப்பர்க் கட்டைகளின் மேல் பிளேடால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளும் இருக்கும். பனிக்கட்டியை அவை விளிம்புகளால் கவ்வுகின்றன.

● உலகின் முதல் குளிர்கால டயர் பின்லாந்தில் 1934-இல் லாரிகளுக்காக வந்தது. இரண்டு வருடம் கழித்துக் கார்களுக்கு வந்ததன் பெயர் ஹக்கபெலிட்டா. பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் மன்னருக்காகச் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரைப் படையினரின் பெயர் அது. இன்றும் அதே பெயரில் விற்கிறார்கள். செய்யும் கம்பெனி நோக்கியன். ஆமாம், செல்போன் நோக்கியாவுக்கும் இதற்கும் ஊர் ஒன்று. ஒரு காலத்தில் குடும்பமும் ஒன்றுதான்.

● ராலிக் கார்கள் பனியில் ஒடுக்கமான டயரில் ஓடுகின்றன. அகன்ற டயர் பனியின் மேல் மிதக்கும். ஒடுங்கியது கீறிக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தேடிப் போகும். அதோடு ஒவ்வொரு டயரிலும் நூற்றுக்கணக்கான உலோக முட்கள். குளிர்நாட்டுக் குதிரை லாடங்களிலும் இதேபோல் முள் வைப்பதுண்டு. விஷயம் தெரிந்தவர்கள் 19 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பிரேக் இடம் கொடுத்தால், 18 அல்லது 17 அங்குலத்தில் மாட்டுவார்கள். அழகு கொஞ்சம் குறையும். உப்பும் சேறும் அப்பிய காரில் அழகை யார் பார்க்கப் போகிறார்கள்?

● முள் டயருக்கு வேறொரு பக்கமும் உண்டு. ஜப்பானின் செண்டாய் போன்ற வடக்கு நகரங்களில் ஆயிரக்கணக்கான முள் டயர்கள் சாலையை அரைத்துத் தள்ளியதில் ஊரே தூசி மண்டலமானது. 1990-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். முள் இல்லாமலே பனிக்கட்டியைப் பிடிக்கும் பிளிசாக் டயரை பிரிட்ஜ்ஸ்டோன் 1988-இலேயே கொண்டுவந்திருந்தது. அதன் ரப்பரில் நுண்ணிய துளைகள். பனிக்கட்டியின் மேல் படரும் மெல்லிய நீரை அவை உறிஞ்சிக்கொள்ளும்.

● டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் பனித்துகள் படம் இருக்கிறதா பாருங்கள். அது பனியில் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது. 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சோதனையும் இல்லை. கம்பெனிக்காரர் தாமே எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அந்த எழுத்துகள் குளிர்கால டயர் என்ற கணக்கில் சேர்வதில்லை.

● "தள்ளுறது பின்சக்கரம்தானே, பின்னுக்கு ரெண்டு மட்டும் போடுங்கோ அண்ணை" என்று ஒரு இளைஞர் கேட்டார். ஸ்கார்பரோவில் நான் டயர் மாற்றும் கராஜ் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், அளந்துதான் பேசுவார். "போடலாம் தம்பி. வெளிக்கிட்டுப் போவியள். திரும்புறதுக்கு என்ன செய்வியள்?"

திருப்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் முன்சக்கரங்களின் வேலை. நாலும் மாற்றாவிட்டால் மாற்றாமலே இருப்பது மேல் என்பது அவர் கட்சி. அவர் ரெண்டு மட்டும் போட்டு நான் பார்த்ததே இல்லை.

● டிக்கியில் மணல் மூட்டை போடும் வழக்கம் பழைய பிக்கப் லாரிக்காரர்களுடையது. வேலை செய்யும், ஆனால் பாரம் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். டிக்கியின் கடைக்கோடியில் போட்டால் முன்சக்கரங்கள் லேசாகிவிடும். திருப்பத்தில் வால் ஊசல்குண்டுபோல் வீசும். கட்டாமல் போட்டால் பிரேக் அடிக்கும்போது மூட்டை முன்சீட்டுக்கு வரும். மணலில் ஒரு லாபம், சிக்கிக்கொண்டால் மூட்டையைப் பிரித்துச் சக்கரத்தடியில் தூவலாம். பூனை மலம் கழிக்க வைக்கும் மண்ணையும் இதற்காகவே டிக்கியில் வைத்திருப்பார்கள், வீட்டில் பூனை இல்லாதவர்களும்.

● பனியில் புறப்பட முதல் கியரைவிட இரண்டாவது நல்லது. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை குறையும், கால் தவறினாலும் தண்டனை குறையும். சில ஆட்டோமேட்டிக் கார்களில் குளிர்கால பட்டன் உண்டு; அது செய்கிற முக்கிய வேலை இதுதான்.

● முன்சக்கரக் காரில் இறக்கத்தில் கியரைக் குறைப்பது நல்ல பழக்கம். பின்சக்கரக் காரில் அதையே சட்டென்று செய்தால் எஞ்ஜின் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்ததற்குச் சமம். வால் வெளியே வந்துவிடும். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. கால் எடுப்பதில்கூட அவசரம் ஆகாத வண்டி இது.

பின்சக்கரம் தள்ளும் மின்சாரக் கார்களுக்கும் இது பொருந்தும். காலை எடுத்ததும் மோட்டார் பிரேக்காக மாறி பேட்டரிக்கு மின்சாரம் சேர்க்கும். வழுக்குச் சாலையில் அந்த இழுப்பைக் குறைத்து வைக்க வசதி இருந்தால் குறைத்து வைப்பது உத்தமம்.

● வால் வீசினால்? போக வேண்டிய பக்கம் பார்வை, பார்வை போகும் பக்கம் ஸ்டீயரிங். அது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது இரண்டாவது வீச்சு. கார் பிடிமானம் பெற்று நேராகும் கணத்தில் ஸ்டீயரிங்கை அதே வேகத்தில் நேராக்காவிட்டால், வால் மறுபக்கம் முன்னைவிட மூர்க்கமாக வீசும். சாலையோரப் பள்ளத்தில் கிடக்கும் கார்களில் பல முதல் வீச்சைச் சமாளித்துவிட்டு இரண்டாவதில் போனவை.

● லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் பனிக்குக் கவலையில்லை என்று விற்பனையாளர் சொல்வார். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் அது மட்டும் வீணாகச் சுழலும், கார் நகராது. லிமிடெட் ஸ்லிப் இரண்டையும் தள்ளவைக்கும், கார் நகரும். மறுபக்கம் என்னவென்றால், சுழலாமல் நிற்கும் சக்கரம் வாலைப் பக்கவாட்டில் போகாமல் பிடித்து வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்து சுழன்றால் பிடிக்க ஆளில்லை.

● சறுக்கலைத் தானே திருத்தும் மின்னணு நிலைப்படுத்தி முதலில் வந்தது 1995-இல், ஒரு மெர்சிடிஸ் காரில். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். பனியில் இதை அணைத்துவிட்டு ஓட்டுவது வீரம் அல்ல. ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கலாம்: பனியில் புதைந்து, கொஞ்சம் சக்கரத்தைச் சுழற்றி முன்னும் பின்னும் ஆட்டினால்தான் வெளியே வர முடியும் என்ற நிலையில். அது சுழலவே விடாமல் எஞ்ஜினை நெரித்துக்கொண்டிருக்கும். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும்.

● 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால், யோசிக்கும் நேரத்தை விட்டுவிட்டால், காய்ந்த சாலையில் 12 மீட்டர். இறுகிய பனியில் 40 மீட்டர். பனிக்கட்டியில் 100 மீட்டர். இந்தக் கணக்கில் எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்பதற்கு இடமே இல்லை. நாலு சக்கர இழுவைக் காரும் இதே தூரம்தான் போகும். புறப்படும்போது சுலபமாக இருந்ததால் நிறுத்துவதும் சுலபம் என்று அதை ஓட்டுபவர்கள் நம்பிவிடுவதுதான் சிக்கல்.

● புதுப் பனியில் ஏபிஎஸ் சில சமயம் நிறுத்தும் தூரத்தைக் கூட்டும். பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் பனியைக் குவித்து ஆப்பு போல் வைத்துக்கொள்ளும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாது. பதிலுக்கு ஸ்டீயரிங் கையில் இருக்கும். பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்தால் பயந்து காலை எடுக்கக் கூடாது.

● மைனஸ் 20-ஐவிட பூஜ்யம் ஆபத்து. கடுங்குளிரில் பனிக்கட்டி வறண்டு கொஞ்சம் சொரசொரக்கும்; உருகும் நிலையில்தான் மேலே நீர்ப்படலம் நின்று எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். பாலங்களின் மேல் அது முதலில் வரும், ஏனென்றால் கீழேயும் குளிர்காற்று.

● சாலையில் கொட்டும் உப்பு மைனஸ் 10-க்குக் கீழே ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். ஒன்டாரியோவின் கோடரிச் ஊரில், ஹூரான் ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே, உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாலைக்குப் போகும் உப்பு அங்கிருந்தும் வருகிறது. சாலையிலிருந்து நம் காரின் அடிவயிற்றுக்கு.

● சுவீடனின் வடக்கே ஆர்யப்லோக் என்ற சிற்றூர் வட்டாரம். மக்கள் தொகை 3,000-ஐத் தொடாது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் தடம் போட்டு உலகின் பெரிய கார் கம்பெனிகள் அங்கே சோதனை ஓட்டுகின்றன. ஒரு பக்கச் சக்கரம் சூடாக்கிய தாரிலும் மறுபக்கச் சக்கரம் பனிக்கட்டியிலும் இருக்க, பிரேக் அடித்துப் பார்ப்பார்கள்.

● கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம்; மாகாணம் முழுவதுக்கும் இப்படிச் சட்டம் வைத்திருப்பது கனடாவில் அது ஒன்றுதான். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் இன்சூரன்சில் தள்ளுபடி. கேட்க வேண்டும், கேட்காதவர்கள் நிறைய.

● காலியான பார்க்கிங் இடத்தில் பனியில் வட்டமடித்துப் பழகுவது நல்ல பயிற்சிதான். ஒன்டாரியோவில் அது சாகச ஓட்டம் என்ற குற்றக் கணக்கில் வரலாம்: அந்த இடத்திலேயே 30 நாள் உரிமம் பறிப்பு, 14 நாள் கார் பறிமுதல், குற்றம் நிரூபணமானால் அபராதம் 2,000 டாலரில் தொடங்கும். பழக வேண்டுமென்றால் பனியில் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளிகள் இருக்கின்றன.

● 5 டிகிரி குறைந்தால் டயரில் காற்று சுமார் ஒரு பவுண்டு குறையும். கோடையில் 35 அடித்தது, மைனஸ் 15-இல் 28.

● பனிப் புயலில் சிக்கி எஞ்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால், அடிக்கடி இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், மணமே இருக்காது.

● இத்தனையும் வேண்டாம் என்று டிசம்பரில் காரைப் போர்த்தி வைத்துவிட்டு, ஆயிரம் ரெண்டாயிரம் டாலருக்கு ஒரு பழைய முன்சக்கரக் காரை வாங்கி ஓட்டுபவர்கள் இங்கே ஏராளம். உப்பு அதைத் தின்னட்டும் என்று விட்டுவிடுவார்கள். போர்த்தும் காருக்கு பேட்டரி சார்ஜர் மாட்டி, தொட்டியை நிரப்பி, டயரில் காற்று கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். ஏப்ரலில் போர்வையை எடுத்ததும் சாவியைத் திருகுமுன் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. நானூறு குதிரை இருக்கும் இடத்தில் நாலைந்து எலிக்குஞ்சுகள் சீட்டுப் பஞ்சில் மெத்தை போட்டுப் படுத்திருக்கும்.